பதினோராவது வெள்ளிக்கிழமை வெஜ் ஃப்ரைட் ரைஸ்

நியாயம் நம் பக்கம் இருக்கும்போது வருகிற கோபத்தைப் போல ஆபத்தான சாமான் வேறு இல்லை. மற்ற கோபங்கள் ஒரு டீ குடித்தால் இறங்கிவிடும். இது இறங்காது. கையைக் கட்டிக்கொண்டு, மூக்கை விடைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவர் அழும்வரை நியாயம் பேசும். இருபத்து நாலு வயதில் எனக்கு இருந்தது அந்தக் கோபம்தான். அதை வைத்து, எனக்கு வந்த நல்லதொரு சம்பந்தத்தை முக்கால்வாசி நானே கெடுத்தேன். மீதிக் கால்வாசியை ஒரு பிளேட் வெஜ் ஃப்ரைட் ரைஸ் கெடுத்தது.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் எனக்கு வேலை. குவாலிட்டி செக்கர். மூடியைக் கையில் எடுப்பேன், வெளிச்சத்தில் திருப்புவேன், பிசிறு இருந்தால் தூக்கிப் போடுவேன், இல்லாவிட்டால் 'பாஸ்' என்று சீல் குத்துவேன். அப்பா வைத்திக்குப்பத்திலிருந்து கடலுக்குப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் அஞ்சாம் கிளாஸைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்படியே தாண்டித் தாண்டி பி.எஸ்சி. வரைக்கும் போய்விட்டதால் வீட்டில் எனக்கு 'ஆபீசர்' என்று பட்டம். (பாட்டில் மூடிக்கு ஆபீசர். ஆனாலும் கூப்பிடும்போது நன்றாகத்தான் இருந்தது.)

சம்பந்தம் கொண்டுவந்தவர் எங்கள் தெருவின் சொல்தா பெரியப்பா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். பெண் கனகசெட்டிக்குளம். பெயர் தேன்மொழி. டீச்சர் டிரெயினிங் முடித்து ஒரு சின்ன ஸ்கூலில் பாடம் நடத்துகிறாள். போட்டோவைப் பார்த்தேன். யாரையோ திட்டப்போகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

பிடித்துவிட்டது என்று சொல்லி வாயை மூடியிருக்கலாம். நான் படித்தவன் அல்லவா? பெரியப்பாவை உட்காரவைத்து ஆரம்பித்தேன்.

"பொண்ணு பாக்கறேன்னு அவங்க வீட்டுக்கெல்லாம் நான் வரமாட்டேன் பெரியப்பா. ஒரு பொண்ண ஜோடிச்சி, கையில தட்டக் குடுத்து, நடக்கவுட்டுப் பாக்கறது இன்னா பழக்கம்? அவங்க மனுசியா, பாட்டில் மூடியா? திருப்பிப் பாத்து சீல் குத்தறதுக்கு?"

"பின்ன எங்கடா பாக்கறது? பீச்சுலயா?"

"பொதுவா ஒரு எடத்துல. ரெண்டு வீட்டுக்காரங்களும் சமமா ஒக்காந்து, சாப்ட்டுப் பேசணும்."

அப்பா வலையைத் தைத்துக்கொண்டே, "கேட்டுக்க, ஆபீசர் சொல்றாரு" என்றார்.

நான்கு நாள் கழித்துப் பெரியப்பா பதில் கொண்டுவந்தார். பெண்ணின் அப்பா முனகினாராம். ஆனால் பெண் உடனே சரி என்றுவிட்டதாம். இதற்கு முன் நான்கு தடவை தட்டு தூக்கியவளாம். "இந்த ஆளாவது மனுசன் மாரி பேசறாரே" என்றாளாம்.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் தரையில் கால் படாமல் மூடி செக் பண்ணினேன்.

இடம் எது? கடற்கரை ரோடு பக்கம் மேஜையில் துணி விரித்த ஓட்டல்கள் இருந்தன. அங்கே போய் மெனு கார்டைத் தலைகீழாகப் பிடித்துவிடுவேனோ என்று எனக்கே பயம். எனக்குத் தெரிந்த ஒரே கவுரவமான இடம், காலேஜில் படித்தபோது லாஸ்பேட்டையில் நான் மூன்று வருஷம் குடியிருந்த சேகர் மாஸ்டரின் ஃபாஸ்ட் புட். ஜெராக்ஸ் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மூன்று மேஜை. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. லேபிள் கிழிந்த மூன்று பாட்டில்களில் சிவப்பு, பச்சை, கறுப்பு என்று மூன்று சாஸ். வாசலில் ஒரே அடுப்பு, ஒரே இரும்புச் சட்டி. மாஸ்டர் சட்டியைத் தூக்கி ஆட்டினால் நெருப்பு கூரை வரைக்கும் போய்த் திரும்பும். அவர் புருவம் மட்டும் எப்போதும் பாதிதான் இருக்கும்.

வீட்டில் மூன்று வேளையும் மீன் தின்று வளர்ந்த எனக்கு அந்தக் கடையின் வெஜ் ஃப்ரைட் ரைஸ் ஒரு கண்டுபிடிப்பு. பெயருக்குக் கோஸும் கேரட்டும். ஆனால் ருசி அப்படியே உள்ளே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். வெறும் கோஸுக்கு எப்படி இவ்வளவு ருசி என்று மூன்று வருஷத்தில் ஒருநாளும் நான் யோசிக்கவில்லை. (குவாலிட்டி செக்கர்!)

தேதி வெள்ளிக்கிழமை, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல் என்று பெரியப்பா குறித்தார். கூடவே ஒரு சேதி சொன்னார்.

"பொண்ணோட அம்மா பதினோரு வாரமா கவுச்சி தொடலடா. பொண்ணுக்கு நல்ல எடம் அமையணும்னு அம்மனுக்கு நேந்துகிட்டிருக்கு. இந்த வெள்ளியோட முடியுது. ஒங்கள பாத்துட்டுப் போயி கோயில்ல வெளக்கேத்தணுமாம். அதுக்குத் தோதா எதுனா சாப்பாடு கெடைக்குமா அங்க?"

வாசலில் மீன் காயும், கூரையில் மீன் காயும், காற்றே மீனாக வீசும் ஒரு குப்பத்தில் பதினோரு வாரம் கவுச்சி தொடாமல் இருப்பதற்கு எவ்வளவு வைராக்கியம் வேண்டும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. "வெஜ்ஜுக்குன்னே பேர் போன கடை பெரியப்பா" என்றேன்.

ஆனாலும் வியாழக்கிழமையே போய் மாஸ்டரிடம் சொன்னேன். சட்டியை சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டும், புது எண்ணெய் ஊற்ற வேண்டும், அடுப்பு பற்றவைத்ததும் முதலில் வெஜ்தான் போட வேண்டும்.

"அஞ்சு மணிக்குத்தாம்பா அடுப்பே பத்தவெப்பேன். மொத சட்டி ஒன் மாமியாருக்கு வெஜ்ஜு. போதுமா?"

"மாமியார்னெல்லாம் சொல்லாதீங்க மாஸ்டர். இன்னும் முடிவாவல."

"மூஞ்சப் பாத்தா முடிவாயிட்ட மாரிதான் கீது."

சட்டியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். மனசுக்குள் பாஸ் சீல் குத்தினேன்.

வெள்ளிக்கிழமை. எங்கள் பக்கம் நான், அப்பா, அம்மா, சொல்தா பெரியப்பா. அவர்கள் பக்கம் தேன்மொழி, அவள் அம்மா, அப்பா. இரண்டு மேஜையை இழுத்து ஒன்றாகப் போட்டேன். ஒரு நாற்காலிக்குக் கால் ஆடியது. அதை நானே எடுத்துக்கொண்டேன். (சமத்துவம்.) தேன்மொழி சாதாரண காட்டன் புடவையில், ஸ்கூலுக்குப் போகிற மாதிரியே வந்திருந்தாள். தட்டு இல்லை, தலைகுனிவு இல்லை. எதிரில் உட்கார்ந்து நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"கம்பெனில இன்னா வேலங்க ஒங்களுக்கு?"

சொன்னேன். மூடியைத் திருப்புவதிலிருந்து சீல் குத்துவதுவரை, கையால் நடித்துக் காட்டியே சொன்னேன். "நான் பாஸ் போடாம ஒரு மூடி வெளிய போவாது" என்று முடித்தேன். அவள் அம்மா கன்னத்தில் கைவைத்து, "நல்ல பொறுப்பான வேலதான் தம்பி" என்றார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அதற்கு மேல் நன்றாகப் போன நிமிஷம் அன்றைக்கு வேறு கிடையாது.

மாஸ்டர் தோளில் துண்டோடு வந்தார். "இன்னா வேலு, மொதல்ல வெஜ்ஜு போட்றலாமா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தேன்மொழியின் அப்பா பதறி எழுந்துவிட்டார்.

"அதெப்புடிங்க? மாப்ள வூட்டுக்காரங்கள வச்சிகினு நாங்க மொதல்ல கைய வெக்கறதா? அவங்களுக்கு இன்னா வேணுமோ கேட்டுப் போடுங்க மொதல்ல."

"நமக்குச் சிக்கன்தாம்பா" என்றார் அப்பா, யோசிக்காமல். "மெர்சி, எனக்கும் அதே" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிச் சேர்ந்துகொண்டார் சொல்தா பெரியப்பா.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். பாதிப் புருவத்தைத் தூக்கிப் பார்த்தார். தேன்மொழியும் என்னைப் பார்த்தாள்.

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். 'சமம்' என்று சொல்லித்தானே எல்லோரையும் பஸ் ஏற்றிக் கூட்டிவந்தேன்? ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் எனக்காக எழுந்து நின்று, 'மாப்ள' என்றிருந்தார். எங்கள் வம்சத்தில் யாருக்கும் யாரும் எழுந்து நின்றதில்லை. கரையில் ஏலம் எடுக்கிறவன் வந்தால் நாங்கள்தான் எழுந்து நிற்போம். கழுத்தில் மாலை விழுந்த மாதிரி கனமாக, சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தில் நான் தலையை ஆட்டினேன்.

போதாததற்கு, "எனக்கும் சிக்கன் மாஸ்டர்" என்றேன். "வெள்ளிக்கெழமன்னு வயித்துக்குத் தெரியுமா?" (பகுத்தறிவு!) அம்மா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

சிக்கன் வந்தது. மூன்று பிளேட், மாப்பிள்ளை வீட்டுக்கு. அதற்கப்புறம் சிக்கன் வேண்டாம் என்ற என் அம்மாவுக்கும் பெண் வீட்டுக்காரர்களுக்கும் வெஜ் வந்தது. தேன்மொழியின் அம்மா ஸ்பூனைப் புடவைத் தலைப்பால் துடைத்து, ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் வைத்தார்.

"இன்னா தம்பி இது! பதினோரு வாரமா நாக்கு செத்துக் கெடந்துது. உசுரு வந்த மாரி கீது."

நான் நாற்காலியின் ஆடும் காலை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்போது சொன்னேன் ஒரு வாக்கியம். அதை நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

"அதாம்மா இந்தக் கடையோட விசேஷமே. இங்க வெஜ் சாப்ட்டாலே சிக்கன் சாப்ட்ட மாரி இருக்கும்."

அவர் சிரித்தபடியே மென்றார். பிறகு மெல்வதை நிறுத்தினார். வாயில் கைவிட்டு எதையோ எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். மேஜையில் எல்லோரும் அதைப் பார்த்தோம். விரல் நகம் அளவுக்கு, வெள்ளையாக.

"தம்பி," என்றார் மெதுவாக. "கோசுக்கு எலும்பு இருக்குமா?"

அதைக் கையில் எடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பினேன். தொழில் பழக்கம். ஏழு பேர் வாழ்க்கை அந்த எலும்பில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பொறுப்புள்ள அதிகாரியின் குரலில் சொன்னேன்.

"இது கேரட் காம்பும்மா."

"டேய்," என்றார் என் அப்பா, வாய் நிறையச் சோற்றோடு. "அது கோழி நெஞ்செலும்புடா."

சொல்தா பெரியப்பா சிரித்துவிட்டார். அந்த ஆள் மேல் எனக்கு இன்றுவரை கோபம். சிரிப்பை அடக்கப் பட்டாளத்தில் சொல்லித்தரவே இல்லையா?

நான் எழுந்தேன். நாற்காலி பின்னால் விழுந்தது. நேராக அடுப்படிக்குப் போய்க் கத்தினேன். "மாஸ்டர்! சட்டியக் கழுவுனீங்களா இல்லியா?"

"தண்ணி ஊத்தி ஒரு சொழட்டு சொழட்டி ஊத்துனேனே."

"அது கழுவறதா? விரதம் இருக்கறவங்கன்னு நேத்தே சொன்னேன் இல்ல? மொதல்ல வெஜ்ஜுன்னு சொன்னேன் இல்ல?"

மாஸ்டருக்கும் ஏறிவிட்டது. கரண்டியால் சட்டியில் ஓங்கித் தட்டினார். "நீதான தலய ஆட்டுன? ஒம் மூஞ்சப் பாத்துதான போட்டேன்? மூணு வருசமா அதே சட்டி, அதே சொழட்டு. 'மாஸ்டர், ஒங்க வெஜ்ஜு மாரி இந்த ஊர்லயே கெடையாது'ன்னு வழிச்சி வழிச்சித் துன்னியே, அந்த ருசி எங்கேந்து வந்துதுன்னு நெனச்ச? கோசுலேந்தா?"

கடையில் பார்சலுக்கு நின்றவர்கள், சைக்கிள் கடைக்காரர், ஜெராக்ஸ் எடுக்க வந்த காலேஜ் பிள்ளைகள், எல்லோருக்கும் கேட்டது. என் மேஜைக்கும் கேட்டது.

திரும்பி வந்தேன். தேன்மொழியின் அம்மா ஓசையில்லாமல் அழுதுகொண்டிருந்தார். "மத்தி வந்துது, தொடல. சங்கரா வந்துது, தொடல. அவுரு வஞ்சிரம் புடிச்சாந்து வாசல்ல வெச்சாரு, பக்கத்தூட்டுக்குக் குடுத்துட்டேன். கடைசி நாளு கோழி வந்து மாட்டிக்கிச்சே."

ஒரு மனுஷன் இங்கே என்ன சொல்ல வேண்டும்? 'மன்னிச்சிடுங்கம்மா' என்று சொல்ல வேண்டும். நான் நியாயம் பேசினேன். தெரியாமல் சாப்பிட்டால் குற்றமில்லை என்றேன். அம்மன் எலும்பை எண்ணிக்கொண்டிருக்காது என்றேன். தப்பு முழுக்க மாஸ்டருடையது என்றேன். அவள் அப்பா நடுவில் பேசியிருக்கக் கூடாது என்றும் சொன்னேன். பேசப் பேசக் குரல் ஏறியது. அழுகிற பெண்மணியிடம் கையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தேன்.

தேன்மொழி எழுந்து நின்றாள். போட்டோவில் இருந்த அதே பார்வை.

"எங்கப்பா பழைய ஆளு. அவுருக்குத் தெரிஞ்சத சொன்னாரு. மாஸ்டரு மொதல்ல யாருக்குன்னு ஒங்களத்தான பாத்தாரு? நீங்க ஏங்க தலய ஆட்டுனீங்க?"

விழுந்து கிடந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்தினேன்.

"தட்டு தூக்கவெச்சிப் பாத்துட்டுப் போனாங்களே நாலு பேரு, அவங்க மேல எனக்குக் கோவமில்ல. அவங்க சமம்னு சொல்லிகினு வரல." அம்மாவின் கையைப் பிடித்தாள். "வாம்மா. இதுக்கு நம்ம வூட்டு பஜ்ஜியே மேலு."

போய்விட்டார்கள். அப்பா என் பிளேட்டை இழுத்து, மிச்சத்தைச் சாப்பிட ஆரம்பித்தார். "வீணாப் போவுது பாரு" என்றார்.

ஒரு வாரம் எல்லோர் மேலும் கோபமாக இருந்தேன். மூடிகள் சரமாரியாக ரிஜெக்ட் ஆயின. சூபர்வைசர் கூப்பிட்டு, "மூடி மேல இன்னாய்யா கோவம் ஒனக்கு?" என்று கேட்டார். பிறகு உட்கார்ந்து தேன்மொழிக்கு ஆறு பக்கம் கடிதம் எழுதினேன். முதல் ஐந்து பக்கத்தில் என் மேல் ஏன் தப்பில்லை என்று வரிசையாக நிரூபித்தேன். ஆறாவது பக்கம் வந்தபோது குற்றம்சாட்ட ஆள் தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் உண்மையை எழுதினேன். 'உங்கள் அப்பா எழுந்து நின்று மாப்ள என்றபோது எனக்கு நன்றாக இருந்தது. அதனால் தலையாட்டினேன். உங்கள் அம்மாவிடம் நான் கத்தியது அசிங்கம்.'

பெரியப்பா வழியாகப் பதில் வந்தது. என் ஆறாம் பக்கம் மட்டும் திரும்பி வந்திருந்தது. அடியில் டீச்சர் கையெழுத்தில், சிவப்பு மையில்: 'மற்ற அஞ்சு பக்கத்தையும் அடுப்பில் போட்டுவிட்டேன். அம்மா மறுபடியும் முதல் வாரத்திலிருந்து ஆரம்பிக்கிறார். நீங்களும் ஆரம்பியுங்கள்.'

பதினோரு வாரம். வைத்திக்குப்பத்தில், எங்கள் வீட்டில், கவுச்சி இல்லாமல். அம்மா எனக்கென்று தனியாக ஒரு சட்டி வாங்கினார். அதைச் சாம்பல் போட்டு நான்தான் தேய்த்தேன். அப்பா தினமும் என் எதிரில் உட்கார்ந்து வறுத்த மீனை முள் எடுத்துக்கொண்டே, "இந்தா ஆபீசர், கேரட் காம்புன்னு நெனச்சித் துன்னு" என்பார். மூன்றாம் வாரம் கனவில் சங்கரா வந்தது. ஆறாம் வாரம் கோபம் உச்சத்துக்குப் போய், இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று கத்தினேன். கத்திவிட்டுப் புளிக்குழம்பைப் பிசைந்தேன். அந்த அம்மா இதை இரண்டாவது தடவையாகச் செய்கிறார் என்பது ஒன்பதாம் வாரம்தான் எனக்கு முழுசாக உறைத்தது.

பதினோராவது வெள்ளிக்கிழமை கனகசெட்டிக்குளத்துக்குப் போனேன், அவர்கள் வீட்டுக்கே. தேன்மொழி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து பஜ்ஜித் தட்டு வந்தது. அவள் கண்ணைக் காட்ட, அதை என் கையில் கொடுத்தார்கள்.

"ஏ, மாப்ளயப் போயி..." என்று அவள் அப்பா பதறினார்.

"நீ சும்மா இருப்பா," என்றாள் தேன்மொழி. என்னைப் பார்த்தாள். "மொதல்ல யாருக்கு?"

தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அத்தனை பேரும் பார்க்க ஒரு தட்டைத் தூக்கி நடப்பது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நேராக அவள் அம்மாவிடம் போய் நீட்டினேன். "மன்னிச்சிடுங்கம்மா" என்றேன். மூன்று மாசம் தாமதமாக.

அவர் ஒரு பஜ்ஜியை எடுத்தார். பிட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாழைக்காய்தான்.

"பாஸ் தம்பி" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் நான் 'ஆபீசர்' இல்லை, பாஸ் போடுகிற ஆள். எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் மாமியார் தன் இலையை என் பக்கம் தள்ளி, "மாப்ள, ஒரு பாஸ் போட்டுக் குடுங்க" என்பார். சுற்றியிருக்கிற சொந்தக்காரர்கள் சோற்றை மறந்து சிரிப்பார்கள். பந்தி பரிமாறுகிறவருக்கு முதலிலிருந்து கதை சொல்லப்படும். ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் வருகிறது. ஒவ்வொரு தடவையும் கேரட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் இலையைத் திருப்பித் தருகிறேன்.

போன மாசம் தேன்மொழியின் பிடிவாதத்தால் சேகர் மாஸ்டர் கடைக்குப் போனோம். மாஸ்டர் இப்போது இரண்டு அடுப்பு, இரண்டு சட்டி வைத்திருக்கிறார். சுவரில் 'வெஜ் சட்டி தனி' என்று சிவப்பு பெயிண்டில் எழுதியிருக்கிறது. "ஒன்னாலதான்பா இந்தச் செலவு" என்று என்னைத் திட்டினார். முதல் பிளேட்டை மாமியாருக்கு நானே வாங்கிக் கொண்டுவந்து வைத்தேன். சுத்தமான வெஜ். ஒவ்வொரு பருக்கையும் என் கண்காணிப்பில் வெந்தது.

மாமியார் ஒரு வாய் வைத்தார். மென்றார். இன்னொரு வாய் வைத்து, ஸ்பூனால் அடிவரை கிளறி எதையோ தேடினார். பிறகு பிளேட்டை என் பக்கம் தள்ளினார்.

"அன்னிக்குத் துன்ன வெஜ்ஜு மாரி இல்ல மாப்ள. இதுக்கு நான் பாஸ் போட மாட்டேன்."